148,000 ஓடிய மைவி: மீட்டர் எண்ணுக்கு என்ன விலை?

கேள்வி: 2019 ஜூனில் பதிவான பெரோடுவா மைவி 1.5 ஏ.வி. என்னிடம் இருக்கிறது. முதல் உரிமையாளர் நான்தான். தினமும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய்வருகிறேன். மாதம் ஒருமுறை கோலாலம்பூரில் மாமனார் வீடு. மீட்டர் இப்போது 148,000 கிலோமீட்டர். விபத்து எதுவும் இல்லை. 100,000 வரை பெரோடுவா சர்வீஸ் சென்டரில் பார்த்தேன், அதன்பிறகு பக்கத்திலுள்ள போர்மனிடம் (தனியார் மெக்கானிக்). கடந்த ஆண்டு நான்கு டயரும் முன்பக்க அப்சோர்பரும் மாற்றினேன். கடன் 46,000 வெள்ளி, 3 விழுக்காடு, 9 ஆண்டு. 72 தவணை கட்டிவிட்டேன். பெரோடுவா அல்சா வாங்கலாம் என்று போனால், பழைய காரை எடுத்துக்கொண்டு விலையில் கழிக்கும் டிரேட்-இன் கடைக்காரர் "மைலேஜ் ரொம்ப ஜாஸ்தி" என்று 28,500 வெள்ளிக்குத்தான் எடுத்துக்கொள்வேன் என்கிறார். இணைய விளம்பரங்களில் இதே ஆண்டு, இதே வேரியண்ட் 70,000 ஓடியது 39,800க்கும், 140,000 ஓடியது 36,800க்கும் இருக்கிறது. அதே அளவு ஓடிய 2018 கார் 34,300. மைலேஜுக்காக இவ்வளவு குறைப்பது நியாயமா? 150,000 தாண்டுவதற்குள் விற்றுவிடு என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், 300 வெள்ளி கொடுத்தால் மீட்டரை 90,000க்கு இறக்கித் தர ஆள் இருக்கிறது என்கிறார். என்ன செய்யலாம்?

— புக்கிட் மெர்தாஜாம் வாசகர்

பதில்:

பாதி வேலையை நீங்களே செய்துவிட்டீர்கள். விலை கேட்பவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்வார்கள், அல்லது புண்படுத்திக்கொள்வார்கள். நீங்கள் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறீர்கள். அந்த மூன்று எண்ணிலேயே உங்கள் கேள்விக்கான விடை கிடக்கிறது.

70,000 ஓடியதற்கும் 140,000 ஓடியதற்கும் இடையே 3,000 வெள்ளி வித்தியாசம். 70,000 கிலோமீட்டருக்கு 3,000 வெள்ளி என்றால் கிலோமீட்டருக்கு 4 சென்னுக்குச் சற்று மேல். இப்போது 2018 காரைப் பாருங்கள். அதே ஓட்டம், ஒரு வயது மட்டும் கூடுதல், குறைவது 2,500. ஆக, உங்கள் காரின் ஒரு வயதின் விலை ஏறக்குறைய 58,000 கிலோமீட்டர் ஓட்டத்தின் விலைக்குச் சமம். மூன்று விளம்பரம் போதாது, குறைந்தது பத்து எடுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலைதான், கைமாறிய விலை அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ஆனால் கணக்கின் போக்கு மாறாது: நம் சந்தையில் விலையின் அடித்தளத்தைப் போடுவது ஆண்டு. மைலேஜ் அந்த அடித்தளத்தின்மேல் கொஞ்சம் ஏற்றும், கொஞ்சம் இறக்கும்.

இதற்குக் காரணம் வங்கி. செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்களில் கணிசமானவர்கள் கடனில்தான் வாங்குகிறார்கள். எத்தனை ஆண்டுக்குக் கடன் என்று முடிவு செய்யும்போது வங்கி பார்ப்பது காரின் வயதை. காப்புறுதி புதுப்பிக்கும்போது வரும் மார்க்கெட் வேல்யூவும் மாடல், வேரியண்ட், ஆண்டு ஆகியவற்றை வைத்து வருவதுதான். கடன் காலம் ஓராண்டு குறைந்தால் வாங்குபவரின் மாதத் தவணை ஏறும். தவணை ஏறினால் அவர் விலையை இறக்கச் சொல்வார். மீட்டரில் 20,000 கூடினால் தவணை ஒரு வெள்ளிகூட ஏறாது. உங்கள் கிராண்டை (காரின் பதிவுச் சான்று) எடுத்துப் பாருங்கள்: தயாரித்த ஆண்டும் பதிவுத் தேதியும் தனித்தனியாக இருக்கும். 2018-இல் தயாராகி 2019-இல் பதிவான காராக இருந்தால் கடைக்காரர் பேசப்போவது 2018 விலையைத்தான். முதலில் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சரி, 28,500க்கு வருவோம். கடைக்காரர் சொன்ன காரணம் மைலேஜ். போட்ட கணக்கு வேறு. ஏறத்தாழ இப்படித்தான் போட்டிருப்பார்: 36,800 என்று விளம்பரம் போட்டாலும் வாங்க வருபவர் ஆயிரமாவது குறைப்பார், ஆக 35,800. அதில் நான்கு டயருக்கு 800. நான்கு அப்சோர்பர், மவுண்டிங்குடன் 1,200. லோவர் ஆர்ம் புஷ், எஞ்சின் மவுண்டிங் என்று 700. போலிஷ், உள்ளே கழுவுவது, பம்பர் கீறலுக்குச் சாயம் என்று 1,000. புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிலையம்) சோதனை, பெயர் மாற்றம், வாங்குபவருக்குக் கொடுக்கும் சிறு வாரண்டி என்று இன்னொரு 1,000. மொத்தம் 4,700. மிச்சம் 31,100. அதில் தன் லாபத்துக்கும், கார் யார்டில் நிற்கும் நாள்களின் வட்டிக்கும் 2,600 ஒதுக்கினால் 28,500.

இது கொள்ளை அல்ல. ஆனால் இதில் இரண்டு வரி உங்களுக்குப் பொருந்தாது. டயர் மாற்றியாகிவிட்டது, முன் அப்சோர்பரும் மாற்றியாகிவிட்டது. 150,000ஐ நெருங்கும் மைவியைப் பார்த்ததும் மதிப்பிடுபவர் இதெல்லாம் செலவு என்று வழக்கமாகவே கழித்துவிடுவார், குனிந்து பார்ப்பதற்கு முன்பே. மைலேஜுக்காகக் குறைப்பது என்பது பெரும்பாலும் இதுதான்: அடுத்து வரப்போகும் செலவை எண்ணைப் பார்த்து ஊகிப்பது. ஊகத்தை ரசீதால் மாற்றலாம். டயர் ரசீதையும் அப்சோர்பர் ரசீதையும் மேசையில் வையுங்கள். டயருக்கு 800, முன் அப்சோர்பருக்கு 700 என்றால் 1,500. 30,000 கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ரசீது தொலைந்துவிட்டதா? டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1824 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 18-ஆவது வாரம். அது பொய் சொல்லாது. அப்சோர்பருக்கு மாற்றிய போர்மனிடம் தேதியும் மீட்டர் எண்ணும் போட்டு ஒரு பில் எழுதி வாங்குங்கள்.

போர்மன் பில்களைப் பற்றி இன்னொன்று. 100,000 வரை சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருக்கிறது, அதன்பிறகு வெற்றுப் பக்கம். வாங்குபவர் கண்ணுக்கு அந்த 48,000 கிலோமீட்டர் எண்ணெயே மாற்றாமல் ஓடியது போலத்தான் தெரியும். போர்மன் கடையில் கிடக்கும் பில்களை எல்லாம் தேடி எடுத்து, தேதி வரிசையில் ஒரு கோப்பில் அடுக்குங்கள். எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், கூலண்ட், ஸ்பார்க் பிளக் ஆகிய ஐந்துக்கும் கடைசியாக மாற்றிய மீட்டர் எண் என்ன என்று முதல் பக்கத்தில் எழுதுங்கள். 2019 மைவியின் ஆட்டோ கியர்பாக்ஸ் பழைய நான்கு வேகக் கியர்பாக்ஸ், டி-சி.வி.டி. என்ற புதுவகைக் கியர்பாக்ஸ் வந்தது 2021 கடைசியில் வந்த மாடலில். நான்கு வேகம் உறுதியானது என்று வியாபாரிகளுக்குத் தெரியும், ஆனால் கியர் எண்ணெய் மாற்றியதற்குச் சான்று இருந்தால்தான் அந்த நம்பிக்கை உங்கள் விலையில் ஏறும். டைமிங்கும் செயின்தான், காம்ப்ரோ எஞ்சின் ப்ரோட்டான்களுக்குக் கழிப்பதுபோல பெல்ட் மாற்றும் செலவை இதில் யாரும் கழிக்க முடியாது. யாராவது கழித்தால் சிரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நெடுஞ்சாலை ஓட்டம் நல்ல ஓட்டம் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. எண்ணில் போட்டால் எந்தப் பாதி என்று தெரியும். நீங்கள் ஆண்டுக்கு 24,600 ஓட்டியிருக்கிறீர்கள். பினாங்குப் பாலத்து நெரிசலையும் சேர்த்துச் சராசரி 60 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், எஞ்சின் ஓடிய நேரம் ஆண்டுக்கு 410 மணி. ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே பிள்ளையைப் பள்ளியில் விட்டு, சந்தைக்குப் போய், சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆண்டுக்கு 10,000 மட்டுமே ஓடும் கார் 500 மணி ஓடியிருக்கும். மீட்டரில் பாதிகூட இல்லாத காரின் எஞ்சின் உங்களுடையதைவிட அதிக நேரம் உழைத்திருக்கிறது. அதுவும் எண்ணெய் சூடேறுவதற்குள் நிறுத்தி, மறுபடி கிளப்பி. குறுகிய ஓட்டத்தில் எண்ணெயில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமே கிடைப்பதில்லை. கசடு கட்டுவது அப்படித்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் மூன்றுக்கும் நெடுஞ்சாலை ஓட்டம் சாதகம்.

ஆனால் டயர், வீல் பேரிங், அப்சோர்பர், டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் இவையெல்லாம் மணிக்கணக்கு பார்ப்பதில்லை, தூரம்தான் பார்க்கும். அதனால் "ஹைவே ஓட்டம்தான் பாஸ்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் மதிப்பிடுபவர் தலையாட்டிவிட்டுக் கீழே குனிவார். அவர் பார்க்கப்போவதை நீங்களே முன்கூட்டிப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு டி-யில் போட்டு ஏர்கானை முழுவதும் திறந்துவிடுங்கள். ஸ்டீயரிங்கும் உள்கண்ணாடியும் நடுங்கினால் எஞ்சின் மவுண்டிங். 80-இல் போகும்போது கீழிருந்து "ம்ம்ம்" என்று ஒரே சுதியில் முனகல் வந்து, லேன் மாறும்போது அது கூடினாலோ குறைந்தாலோ வீல் பேரிங். தாமானுக்குள் இருக்கும் வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது "டக்" என்றால் லோவர் ஆர்ம் புஷ் அல்லது ஸ்டெபிலைசர் லிங்க். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் ஒடித்து வட்டமடிக்கும்போது டிக்டிக் என்றால் டிரைவ் ஷாஃப்ட். சக்கரத் துளை வழியே விரலை விட்டு முன் பிரேக் டிஸ்க்கின் விளிம்பைத் தடவுங்கள் (கார் ஆறியிருக்க வேண்டும்!), வரப்பு போல எழும்பியிருந்தால் டிஸ்க் தேய்ந்துவிட்டது.

இவற்றில் எதைச் சரிசெய்து விற்பது? டிரேட்-இன் கொடுப்பதாக இருந்தால் பெரிய வேலை எதுவும் வேண்டாம். கடைக்காரருக்கு அந்த வேலை உங்களைவிட மலிவாக முடியும், நீங்கள் போட்ட 1,000 விலையில் 1,000ஆகத் திரும்பாது. எஞ்சின் விளக்கு எரிந்தால் மட்டும் கட்டாயம் பாருங்கள். 80 வெள்ளி சென்சாருக்காக அவர் 2,000 கழிப்பார், ஏனென்றால் உள்ளே என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. ஸ்டெபிலைசர் லிங்க், மங்கிய ஹெட்லைட் போலிஷ், எரியாத பல்பு, சரியான கழுவல் போன்ற சில்லறை வேலைகள் போட்ட பணத்தைத் திருப்பித் தரும். புதுத் தரைவிரிப்பு, சீட் கவர் எல்லாம் தண்டம். தேய்ந்த சீட்டை மறைக்கிறார் என்ற சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

150,000க்குள் விற்கச் சொன்ன நண்பரின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. பெரோடுவா வாரண்டி 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. உங்கள் காருக்கு 5 ஆண்டு முந்திவிட்டது. வாரண்டிக் கோடு உங்களுக்கு ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது. இணையத்தில் தேடுகிறவர்கள் உச்ச மைலேஜ் என்று 100,000, 150,000 போன்ற முழு எண்ணைப் போட்டு வடிகட்டுவார்கள் என்பது உண்மை. ஆகவே நேரடியாக விளம்பரம் போட்டு விற்பதாக இருந்தால் 149,000 என்பதற்கும் 151,000 என்பதற்கும் வரும் அழைப்புகளில் வித்தியாசம் இருக்கும். டிரேட்-இன் கடைக்காரருக்கு அந்த 2,000 கிலோமீட்டர் கணக்கில் வராது. உங்களுக்கு இன்னும் ஒரு மாதத்தில் தாண்டிவிடும். அதற்காக அவசரப்பட்டு 1,500 வெள்ளியை விட்டுக்கொடுக்க வேண்டாம். பயப்பட வேண்டிய கோடு டிசம்பர் 31. ஜனவரி பிறந்தால் எல்லாக் காருக்கும் ஒரு வயது கூடிவிடும், கடைக்காரர்கள் நவம்பரிலிருந்தே அதைக் கழித்துக்கொண்டு பேச ஆரம்பிப்பார்கள். ஓராண்டு தள்ளினால், உங்கள் பட்டியல்படி வயதுக்கு 2,500, இன்னும் 24,600 ஓட்டத்துக்கு 1,050 என 3,500 வெள்ளிக்கு மேல் இறங்கும்.

அதனால் உடனே விற்க வேண்டும் என்று அர்த்தமல்ல. இப்போது கடன் எவ்வளவு நிற்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 46,000க்கு 3 விழுக்காடு நிலை வட்டியில் (ஆண்டுதோறும் முழுக் கடனுக்கும் போடும் வட்டி) 9 ஆண்டுக்கு மொத்த வட்டி 12,420. மாதத் தவணை 541. மிச்சம் 36 தவணை, அதாவது ஏறத்தாழ 19,473. முன்கூட்டி முடித்தால் கிடைக்கும் வட்டித் தள்ளுபடி 78-ஆம் விதிப்படி 1,405 அளவில்தான் வரும், ஏனென்றால் வட்டியின் பெரும்பகுதியை முதல் ஆண்டுகளிலேயே வங்கி எடுத்துவிட்டது. ஆக நீங்கள் கட்ட வேண்டியது 18,070 வெள்ளியை ஒட்டி இருக்கும். துல்லியமான தொகைக்கு வங்கியிடம் செட்டில்மென்ட் கடிதம் வாங்குங்கள். அதில் போட்ட தேதிவரைதான் அது செல்லும். 30,000க்குக் கொடுத்தால் கையில் 11,900க்கு மேல் நிற்கும். 70,000 வெள்ளிக் காருக்குப் பத்து விழுக்காடு முன்பணம் போக மீதியும் இருக்கும்.

மீட்டர் இறக்கும் யோசனைக்கு வருகிறேன். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: வியாபாரி பொய்யான மைலேஜோடு கார் விற்றால் 2011 வர்த்தக விவரிப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். தனியாள் தெரிந்தே பொய் சொல்லி விற்றால், 1950 ஒப்பந்தச் சட்டப்படி வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்துசெய்யலாம். மோசடி என்று போலீசுக்கும் போகலாம். சட்டத்தை விடுங்கள், கணக்கே உதைக்கிறது. உங்கள் பட்டியல்படி 58,000 கிலோமீட்டர் இறக்கினால் விலை ஏறுவது 2,500. அதற்காக நீங்கள் சர்வீஸ் புத்தகத்தை ஒளித்துவைக்க வேண்டும், அதில்தான் 100,000 முத்திரை இருக்கிறதே. பில் கோப்பையும் காட்ட முடியாது. டயர் ரசீதில் மீட்டர் எண் இருக்கும், அதுவும் போயிற்று. ரசீதால் கிடைக்கும் 1,500ஐத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் அந்த 2,500ஐத் துரத்த வேண்டும். அதுவும் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. பெரோடுவா சர்வீஸ் சென்டரில் பழைய வருகையெல்லாம் பதிவில் இருக்கிறது. புத்தகம் இல்லாத 90,000 மைவியைப் பார்த்தால் அனுபவமுள்ள கடைக்காரர் முதலில் பிரேக் மிதிகட்டையின் ரப்பரைத்தான் பார்ப்பார்.

நீங்கள் அல்சாவைப் புதிதாக வாங்காமல் பழையதாக எடுத்தால் இதே கண்ணால் பாருங்கள். 40,000 என்று சொல்லும் காரில் டயர்கள் காரைவிட மூன்று ஆண்டு இளையவையாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கதவுத் தூணிலும் எஞ்சின் மூடிக்கு அடியிலும் எண்ணெய் மாற்றிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, கிழித்த பசை மட்டும் இருக்கிறதா பாருங்கள். ஸ்டீயரிங் 10 மணி, 2 மணி இடங்களில் வழவழத்திருக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு சப்பையாகிவிட்டதா, சீட் பெல்ட் ஓரம் நார் எழும்பியிருக்கிறதா பாருங்கள். புஸ்பாகோம் அறிக்கை இருக்கிறதே என்று அவர்கள் நீட்டினால் மயங்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை முக்கியமாக சேஸிஸ் எண், எஞ்சின் எண் போன்ற அடையாளத்தைப் பார்ப்பது. மீட்டர் எண் உண்மையா என்று சான்று கொடுப்பதல்ல. கடையில் வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம். தனியாளிடம் வாங்கியதற்கு அந்த வழி இல்லை.

டிரேட்-இன் பேசும் விதம்தான் பலருக்கும் காலை வாரும் இடம். ஷோரூம் சேல்ஸ் அட்வைசர் திடீரென்று "பழைய காரை 31,500க்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது ஓவர்டிரேட். புதுக் காருக்குக் கொடுக்க வேண்டிய 2,000 தள்ளுபடியை எடுத்து உங்கள் பழைய காரின் விலையில் ஏற்றிக் காட்டியிருக்கலாம். அப்படியானால் உண்மை விலை 29,500. பழைய காரைப் பற்றிப் பேசாமல் முதலில் புதுக் காருக்கு மட்டும் விலை எழுதி வாங்குங்கள். அடுத்து, டிரேட்-இன் சேர்த்தால் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மைவிக்கு அவர் கொடுக்கும் விலை. பட்டர்வொர்த், பிறை பக்கம் இன்னும் இரண்டு கடையிலாவது காரைக் காட்டுங்கள். ஒரே நாளில், கழுவிய காரோடு, கோப்போடு.

நேரடியாக விற்றால் 33,000 முதல் 34,000 வரை கேட்டுப் பார்க்கலாம். மூவாயிரத்துக்கு மேல் கூடுதல்தான். ஆனால் கடன் நிற்பதால் கிராண்டில் வங்கியின் உரிமைக் கோரலை முதலில் நீக்க வேண்டும். வாங்குபவர் கடன் எடுத்தால் பி5 மட்டும் போதாது, பி7 சோதனையும் வேண்டும். அவருடைய வங்கி கடனை அங்கீகரிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டும். வேலை நாளில் இரண்டு மூன்று முறை விடுப்பு எடுக்க முடியும், மூன்று நான்கு வாரம் பொறுக்கலாம் என்றால் அதைச் செய்யுங்கள். முடியாதென்றால் 30,000க்குப் பேசி முடியுங்கள். 29,500க்குக் கீழே இறங்க வேண்டாம், கடைக்காரர் ஏதாவது புதுக் குறையைக் கையால் தொட்டுக் காட்டினாலொழிய.

எப்படி விற்றாலும் ஜே.பி.ஜே.-இல் (சாலைப் போக்குவரத்துத் துறை) பெயர் மாறிய சான்றின் படம் கைக்கு வராமல் விஷயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதுவரை வரும் சம்மன் உங்கள் பெயருக்குத்தான். காப்புறுதியின் என்.சி.டி. (இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி) உங்களுக்குச் சொந்தம், காரோடு போகாது. ஐந்தாண்டு கோரிக்கை இல்லாமல் இருந்திருந்தால் 55 விழுக்காடு; அதைப் புதுக் காருக்கு மாற்றச் சொல்லுங்கள். சாவியைக் கொடுப்பதற்கு முன் டச் என் கோ செயலியில் அந்தக் காரின் ஆர்.எஃப்.ஐ.டி.யை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் புது உரிமையாளர் பாலம் கடக்கும்போதெல்லாம் டோல் உங்கள் கணக்கில் கழியும்.